பெயரை மட்டும் மறைத்தேன்

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு வகுப்பறை புரொஜெக்டர் என்பது மின்விசிறி மாதிரி. சுவிட்சைப் போட்டால் ஓடும், ஓடாவிட்டால் ஆளைக் கூப்பிடுவீர்கள். எனக்கு அது வந்தது ஓய்வு பெற இரண்டே வருடம் இருந்தபோது. திருச்சியில் கோட்டைப் பக்கம் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் அதுவரை முப்பத்தோரு வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். இனிமேல் இதெல்லாம் உங்களுக்கு எதற்கு, சின்னவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆசிரியர் அறையில் சிலர் அன்பாகச் சொன்னார்கள். எனக்கு அந்த அன்பு பிடிக்கவில்லை. உனக்கு வராது என்று யாராவது சொல்லிவிட்டால் அதைச் செய்து பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் குணத்தால் நிறைய நன்மையும் கொஞ்சம் அவமானமும் பட்டிருக்கிறேன். இப்போது சொல்லப்போவது அவமானத்தைப் பற்றி.

எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். எதைத் திரையில் போடலாம், யாரைக் கேட்டுப் போடலாம் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பெண்ணின் ஒரு வருடப் படிப்பைப் பணயம் வைத்துத்தான் அதைக் கற்றுக்கொண்டேன். நீங்களாவது அப்படிக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

முதலில் செய்த முட்டாள்தனம் சின்னது. கரும்பலகையை நாலு பத்தியாகப் பிரித்து எழுதுவது என் வழக்கம். முதல் பத்தியை மணி அடிக்கும்வரை அழிக்கவே மாட்டேன். நாலாவது பத்தியில் ஒருத்திக்குச் சந்தேகம் வந்தால் கண்ணைத் திருப்பி முதல் வரியைப் பார்த்துக்கொள்ளலாம் இல்லையா, அதற்காக. புரொஜெக்டர் வந்த ஜோரில் இந்த வழக்கத்தைக் காற்றில் பறக்கவிட்டேன். ஒவ்வொரு படியையும் தனித்தனிப் பக்கமாகத் தயாரித்தேன். தட்டினால் அடுத்த படி வரும், முந்தையது போய்விடும். போவதற்குள் எழுதிக்கொள்ள வேண்டுமே என்று நாற்பத்திரண்டு பேரும் தலையைத் தூக்காமல் எழுதினார்கள். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. ஆகா, எவ்வளவு கவனம் என்று நான் பூரித்துப்போனேன்.

எங்கள் பள்ளியில் அப்போது ஒரு அறிவியல் டீச்சர் இருந்தார். வேலைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. என் பெண் வயது இருக்கும். ஆசிரியர் அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் ஒருநாள் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் எப்படி இருந்தது என்று பெருமையாகக் கேட்டேன்.

"டீச்சர், நாப்பது நிமிஷமும் நீங்க திரையத்தான் பாத்தீங்க. பிள்ளைங்களும் திரையத்தான் பாத்தாங்க. யாரும் யாரையும் பாக்கல" என்றார்.

மதியம் வரைக்கும் எனக்குக் கோபம். மூன்று வருடச் சர்வீஸ் முப்பத்தோரு வருடச் சர்வீஸுக்குப் பாடம் எடுக்கிறதா என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டேன். சாயங்காலம் நானே போய், சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவர் மேஜையில் இரண்டு அடுக்காகப் புத்தகங்களை வைத்தார். நடுவில் மர ஸ்கேல் இரண்டைப் பாலம் போல வைத்து, அதன்மேல் புரொஜெக்டரோடு இணைத்த என் போனைக் கேமரா கீழே பார்க்கும்படி கிடத்தினார். கீழே ஒரு நோட்டைத் திறந்து வைத்தார். நோட்டில் இருப்பது அப்படியே திரையில் பெரிதாக வந்தது. பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டால் கை நகர்வது உட்பட எல்லாம் தெரிந்தது.

அந்தப் புத்தக அடுக்கு என் வேலையையே மாற்றியது. முப்பது வருடமாகப் பிள்ளைகளின் தவறுகளைத் தனியாக உட்கார்ந்து சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்த ஒருத்திக்கும் மட்டும்தான் அந்தத் தவறு தெரியும். இப்போது ஒரு தவறை வகுப்பே சேர்ந்து உட்கார்ந்து பார்க்க முடிந்தது. எங்கே வழி மாறினாள், ஏன் மாறினாள் என்று பேச முடிந்தது. சரியான விடையைவிட நல்ல தவறு ஒன்று அதிகம் சொல்லித் தரும் என்று கண்டுபிடித்து, நல்ல தவறுகளைத் தேட ஆரம்பித்தேன். வேட்டைக்காரி ஆகிவிட்டேன் என்றே சொல்லலாம். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

பத்தாம் வகுப்பில் நஸ்ரின் என்று ஒரு பெண். வீடு பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா மஸ்கட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பார். அதிகம் பேசாத பெண். கணக்கில் சுமாருக்கு மேல், முதல் வரிசைக்குக் கீழ். கொஞ்சம் தூக்கிவிட்டால் ஏறிவிடுவாள் என்று நான் குறித்து வைத்திருந்தவள்.

ஒரு நவம்பர் திங்கட்கிழமை. வீட்டுப்பாடத்தில் ஏணிக் கணக்கு கொடுத்திருந்தேன். சுவரில் எட்டு மீட்டர் உயரத்தில் ஏணி சாய்ந்திருக்கிறது, அடி சுவரிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி இருக்கிறது, ஏணியின் நீளம் என்ன. ஆறின் வர்க்கத்தையும் எட்டின் வர்க்கத்தையும் கூட்டி, மொத்தத்துக்கு வர்க்கமூலம் கண்டால் பத்து. நஸ்ரின் கூட்டுவதற்கு முன்பே தனித்தனியாக மூலத்தை எடுத்து, ஆறும் எட்டும் பதினாலு என்று போட்டிருந்தாள். படித்தவர்களில் பாதிப்பேர் செய்யும் தவறு இது. ஆனால் என்ன அழகான தவறு. சுவர் வழியாக இறங்கித் தரையில் நடந்தால்தான் பதினாலு. குறுக்கே போகும் ஏணிக்கும் அதே பதினாலு என்றால் அந்த முக்கோணமே படுத்துவிடும். ஒரு பாடவேளை முழுக்க இதை வைத்துப் பேசலாம்.

அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தேன். வலது மூலையில் பெயர் இருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டேன். எவ்வளவு பொறுப்பான டீச்சர் பாருங்கள். பெற்றோர் எல்லாரும் இருக்கும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, இதில் தவறு எங்கே, கண்டுபிடித்துக்கொண்டு நாளை வாருங்கள் என்று கீழே எழுதினேன்.

நான் பார்க்காதது ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெறும் பக்கத்தில் எழுதத் தொடங்க மாட்டார்கள். ஒருத்தி உச்சியில் பிள்ளையார் சுழி போடுவாள், ஒருத்தி சின்னதாகச் சிலுவை வரைவாள், ஸ்ரீரங்கத்திலிருந்து வருபவள் ஒருத்தி ஸ்ரீராமஜெயம் எழுதுவாள். நஸ்ரின் 786 என்று எழுதுவாள். பிஸ்மில்லா சொல்லித் தொடங்குவதற்கு அடையாளமாக அவர்கள் வீட்டு வழக்கம் அது. அந்த வகுப்பில் அதை எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். படத்தின் உச்சியில் அது பளிச்சென்று இருந்தது.

எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. நானே ஒவ்வொரு பக்கத்திலும் சுழி போட்டுத்தான் தொடங்குவேன். கை போட்டுவிடும், கண் பார்க்காது. ஆனால் இதைச் சமாதானமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பொதுத்தேர்வுக்கு முன்னால் வருடா வருடம் பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்து, விடைத்தாளில் சுழி, சிலுவை, சாமி பேர் எதுவும் எழுதாதீர்கள், எழுதினால் யார் தாள் என்று அடையாளம் தெரிந்துவிடும் என்று மைக்கில் சொல்பவள் யார் தெரியுமா. நான்தான்.

மறுநாள் அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டுப் பாடம் எடுத்தேன். என் வாழ்க்கையிலேயே சிறந்த வகுப்பு அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கை தூக்கினார்கள். ஒருத்தி முன்னால் வந்து முக்கோணம் படுப்பதைக் கையால் நடித்தே காட்டினாள். அவ்வப்போது கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேட்டது. உற்சாகம் என்று எடுத்துக்கொண்டேன். நஸ்ரின் குனிந்தே இருந்தாள். குறிப்பெடுக்கிறாள் என்று நினைத்தேன்.

புதன்கிழமை அவள் வரவில்லை. மழைக்காலம், பாதி வகுப்புக்குக் காய்ச்சல், அதுதான் போல என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் போய் அடுத்த புதன் வந்தது. காலையில் என் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்திருந்தது. பள்ளி வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"வணக்கம் டீச்சர். நஸ்ரின் அத்தா பேசுறேன், மஸ்கட்லேர்ந்து. தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ள ஒரு வாரமா வீடியோ கால்ல எனக்கு மூஞ்சிய காட்ட மாட்டேங்குது. அவங்க அம்மா மட்டும்தான் போனப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. என்னா ஏதுன்னு கொஞ்சம் பாருங்க டீச்சர்."

நஸ்ரினுக்குப் பக்கத்தில் உட்காரும் கார்த்திகாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் தெரியாது என்றாள். நான் விடாமல் நின்றதும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். படத்தைப் பார்த்ததுமே அது யார் நோட்டு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டதாம். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே அவளுக்குப் பதினாலு என்று பேர். பதினாலு வருது, பதினாலு போகுது, பதினாலு சாப்பிட்டாச்சா. வகுப்பில் ஒரு பெண்ணின் அண்ணன் அந்தப் பக்கத்தை வெட்டி, உச்சியில் ஒரு இளிக்கும் பொம்மையை ஒட்டி, வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்டிக்கராக்கிவிட்டான். அது டியூஷன் குழுக்களுக்கெல்லாம் போய், அவள் ஏறும் ஷேர் ஆட்டோ வரைக்கும் வந்துவிட்டது.

எனக்கு அன்றைக்கு ஒரு கணக்கும் ஓடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நஸ்ரின் உள் அறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. அம்மா போனை எடுத்து அந்த ஸ்டிக்கரை என் முன்னால் நீட்டினார். பாதி மறைந்திருந்த 786 மேல் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு பொம்மை, கீழே சிவப்பில் சுழித்த பதினாலு. சிவப்பு மை என்னுடையது.

"பேர மறைச்சீங்க டீச்சர், சரி. பிள்ள தப்பாப் போட்டா, அதுவும் சரி, சிரிச்சா சிரிக்கட்டும். ஆனா பிஸ்மில்லா சொல்லி ஆரம்பிச்ச எடத்துல இன்னைக்கி ஒரு இளிக்கிற பொம்ம உக்காந்திருக்கு. அத நான் எப்படி அவகிட்ட பரவால்லன்னு சொல்லுறது?"

எனக்குத் தப்பான நோக்கம் எதுவும் இல்லை என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். என் நோக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டு அந்த அம்மா என்ன செய்வார். தப்பு என்னுடையதுதான் என்று மட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தீர்மானமாகப் பேசினார். திங்கட்கிழமை வந்து டி.சி. வாங்கிக்கொள்வதாகவும், முசிறியில் இருக்கும் தன் அக்கா வீட்டில் பிள்ளையை விடப்போவதாகவும், இந்த வருடம் போனால் போகட்டும் என்றும் சொன்னார். பத்தாம் வகுப்பில் நவம்பரில் டி.சி. வாங்கினால் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது. பொதுத்தேர்வு எழுதுபவர்களின் பட்டியலும் அந்த மாதக் கடைசியில் போய்விடும். அதில் பெயர் விட்டுப்போனால் ஒரு வருடம் வீண். ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்த பெண்களில் எத்தனை பேர் மறுபடி புத்தகத்தை எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். கதவைப் பார்த்து, நஸ்ரின், டீச்சர் போயிட்டு வரேன்மா என்றேன்.

திங்கட்கிழமைக்குள் அவளைத் திரும்ப வரவைப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். எப்படி என்பது மட்டும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார். எழுத்தில் மன்னிப்பு எதுவும் கேட்கக் கூடாது, அது நாளைக்குப் புகாராகி நிர்வாகத்துக்குப் போகும், ஓய்வு பெறும் நேரத்தில் உங்களுக்கு இது தேவையா என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளியைக் காப்பாற்றுவது அவர் வேலை. ஆனால் படத்தை எல்லார் போனிலிருந்தும் எடுக்க வாட்ஸ்அப் கொடுக்கும் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. ஸ்டிக்கருக்கோ கெடுவே கிடையாது.

நான் வேறு மாதிரி முடிவு செய்தேன். வகுப்பின் முன்னாலும் குழுவிலும் நஸ்ரினிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்பது என்று. இடைவேளையில் அறிவியல் டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் திருத்திக்கொண்டிருந்த தாளை மூடி வைத்தார்.

"அப்படிக் கேட்டா அந்தப் பிள்ள பேரு இன்னொரு தடவ எல்லார் வாயிலயும் வரும் டீச்சர். தெரியாதவங்களுக்கும் தெரிஞ்சுபோகும். உங்க மனசு லேசாயிடும், அவளுக்கு இன்னும் கனமாயிடும். அவளக் காட்டாம உங்களக் காட்டிக்க முடியுமான்னு பாருங்க."

இதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்தவற்றில் முக்கியமானது. நெருக்கடியில் நமக்கு முதலில் தோன்றும் நல்ல காரியம் பெரும்பாலும் நம் மன ஆறுதலுக்கானது. யாருக்காகச் செய்கிறோமோ அவருக்கு அது என்ன செய்யும் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்காக அவர் கேட்டார்.

அன்று மதியம் பத்தாம் வகுப்பில் புத்தக அடுக்கை வைத்து, ஸ்கேல் வைத்து, போனைக் கிடத்தினேன். கீழே என் சொந்த நோட்டை வைத்தேன். இன்றைக்கு நீங்கள் கணக்குக் கொடுங்கள், நான் போடுகிறேன், பாடப்புத்தகத்திலிருந்து வேண்டாம், எனக்குத் தெரியாததாகப் பார்த்துக் கொடுங்கள் என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருத்தி எழுந்தாள். அவள் அக்கா வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாளாம். அந்தப் புத்தகத்திலிருந்து ஒன்று சொன்னாள். ஒரு நாளில் கடிகாரத்தின் இரண்டு முட்களும் எத்தனை தடவை செங்கோணத்தில் நிற்கும்?

வேண்டுமென்றே தப்பாகப் போட்டதாக நினைக்காதீர்கள். அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு இல்லை. இருபத்தோரு வகையில் மாட்டக்கூடிய கணக்கு அது. நான் முதல் வகையிலேயே மாட்டினேன். மணிக்கு இரண்டு தடவை, இருபத்து நாலு மணி நேரத்துக்கு நாற்பத்தெட்டு என்று எழுதி, வழக்கம் போல விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தேன். எல்லாம் திரையில் பெரிதாக. சுவர்க் கடிகாரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த கார்த்திகா எழுந்தாள்.

"மூணு மணிய ரெண்டு தடவ எண்ணிட்டீங்க டீச்சர். ரெண்டுலேர்ந்து மூணுக்கும் அதான் வருது, மூணுலேர்ந்து நாலுக்கும் அதான் வருது. ஒம்பதும் அப்படித்தான்."

வகுப்பு சிரித்தது. அடக்கிய சிரிப்பு இல்லை, நன்றாகவே சிரித்தார்கள். பகலுக்கு இரண்டு, இரவுக்கு இரண்டு குறைய, விடை நாற்பத்து நாலு. கன்னமெல்லாம் எனக்குச் சூடேறிவிட்டது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு வகுப்பு என் கணக்கைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. எவ்வளவு வலிக்கும் என்று எனக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை.

பள்ளி விட்டதும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தேன். உச்சியில் என் சுழி, அதன் பக்கத்தில் கொட்டை எழுத்தில் என் பெயர். குழுவில் போட்டு, கீழே இப்படி எழுதினேன். போன வாரம் ஒரு மாணவியின் பக்கத்தை அவரைக் கேட்காமல் இங்கே போட்டேன். அது என் தவறு. அந்தப் படத்தையோ அதிலிருந்து செய்த எதையுமோ வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். பொம்மை ஒட்ட வேண்டுமானால் இதோ என் பக்கம் இருக்கிறது.

சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. சில அம்மாக்கள் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒரு அப்பா, கணக்கு டீச்சருக்கே கணக்கு தப்புதா என்று எழுதினார். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஸ்டிக்கரும் வந்துவிட்டது. அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் காலை நடை போகும் என் கணவரின் குழுவுக்கே அது வந்து சேர்ந்தது. அவர் போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது உன் கையெழுத்து மாதிரி இருக்கே" என்றார்.

சனிக்கிழமை பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு உண்டு. காலையில் கிளம்ப மனமே வரவில்லை. ஸ்ரீரங்கம் நிறுத்தத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் வந்து நின்றது, நான் ஏறவில்லை. தலைவலி என்று போன் பண்ணிவிடலாமா என்று நின்றேன். நாலு தெருவில் தெரிந்தவர்கள் சிரிப்பதையே என்னால் தாங்க முடியவில்லை, பதினைந்து வயதுப் பெண் எப்படித் தாங்கியிருப்பாள் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறினேன். வகுப்பில் நுழைந்ததும் யாரோ மெதுவாக, நாப்பத்தெட்டு வந்தாச்சு என்றாள். நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தேன்.

அன்று வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் தனியாக என்னிடம் வந்தாள். ஸ்டிக்கர் செய்தது தன் அண்ணன்தான் என்றாள். அழுதாள். நான் திட்டவில்லை. அவன் யார் யாருக்கு அனுப்பினானோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் அழிக்கச் சொல்ல வேண்டும், அவனே கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எல்லாம் அழிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. போனில் போன பொருள் திரும்பி வராது. அதை ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் நினையுங்கள்.

திங்கட்கிழமை காலை இறைவணக்கத்துக்கு முன்பே வாசலில் போய் நின்றுகொண்டேன். டி.சி. வாங்க அம்மா வந்தால் இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்பது, மாட்டேன் என்றால் அவர் காலில் விழுந்தாவது பட்டியலுக்கு ஒரு கையெழுத்தை வாங்கிவிடுவது என்று இருந்தேன். அம்மா வந்தார். பின்னால் நஸ்ரின் சீருடையில், பையோடு. அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அலுவலகம் பக்கம் போகாமல் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

நஸ்ரின் நேராக என்னிடம் வந்தாள். வணக்கம் சொன்னாள். பிறகு, "டீச்சர், என் நோட்ட நீங்க திருத்துங்க. ஆனா அந்தப் போனுக்கு அடியில வைக்கக் கூடாது. ஒருநாளும்" என்றாள்.

சரி என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் சில வழக்கங்கள் வந்தன. போனுக்கு அடியில் முதலில் போவது டீச்சர் நோட்டு. பிள்ளைகளின் நோட்டை நான் எடுத்து வைக்க மாட்டேன். விருப்பமுள்ளவள் தானே கொண்டுவந்து வைத்து, தானே பேச வேண்டும். திரையில் வந்தது எதுவும் அறையை விட்டு வெளியே போகாது, படம் எடுப்பதில்லை. அடுத்த மாதம் பிறப்பதற்குள் தவறைக் காட்ட வரிசையில் நின்றார்கள். கார்த்திகா வாரத்துக்கு இரண்டு தடவை வருவாள். அவளுக்கு அதில் ஒரு பெருமை. அந்த வருடம் நான் எடுத்த வகுப்புகளைப் போல அதற்கு முன்னால் எடுத்ததில்லை, அறிவியல் டீச்சரும் அதையே சொன்னார். தலைமையாசிரியை எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். நானும் ஒரு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதக் கூட்டத்தில், பிள்ளைகளைக் கேட்காமல் யாரும் எதையும் குழுவில் போடக் கூடாது என்று அவரே எல்லாருக்கும் சொன்னார்.

நஸ்ரின் மட்டும் வரவேயில்லை. ஒவ்வொரு வாரமும் இன்றைக்கு எழுந்து வருவாள் என்று எதிர்பார்த்தேன். வந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். அவளுடைய நோட்டைத் திருத்தும்போது இன்னும் நல்ல தவறுகள் எத்தனையோ கண்ணில் பட்டன. கை பரபரக்கும். அடக்கிக்கொண்டு சிவப்பு மையில் எழுதி மூடிவிடுவேன். எனக்கு நிம்மதி தருவது அவள் வேலை இல்லை. வாக்குக் கொடுத்தால் மார்ச் வரைக்கும் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

தேர்வு எழுதினாள். கணக்கில் நான் குறித்து வைத்திருந்ததைவிட அதிகமாகவே வாங்கினாள். மதிப்பெண் பட்டியல் வாங்க வந்தபோது, ஆங்கில வழியில் கணக்குப் பிரிவு எடுக்கப்போவதாகச் சொன்னாள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு கிளம்பியவளை நிறுத்தி, இவ்வளவு நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். அந்தத் திங்கட்கிழமை எப்படிம்மா மனசு மாறி வந்தாய், நான் எழுதினதைப் பார்த்தா?

இல்லை என்று தலையாட்டினாள். யோசித்துப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"எழுதினத அம்மாதான் படிச்சுக் காட்டுனாங்க டீச்சர். அப்பவும் நான் வரக் கூடாதுன்னுதான் இருந்தேன். உங்க பக்கத்தையும் ஸ்டிக்கர் ஆக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுது. சனிக்கெழம மத்தியானம் கார்த்திகாவுக்குப் போன் பண்ணி, இன்னைக்கி டீச்சர் ஸ்கூலுக்கு வந்தாங்களான்னு மட்டும் கேட்டேன். வந்தாங்கன்னு சொன்னா. அப்புறம்தான் பைய எடுத்து வச்சேன்."